மோட்டர் போட்டால் தராசு போகும்: ஓர் அரிசி ஆலையின் யுஎஸ்பி எக்ஸ்டென்டர் கோளாறு

பரந்தனுக்குக் கிட்ட, ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் பாதையில் இருக்கிறது அந்த அரிசி ஆலை. இரணைமடுத் தண்ணீரில் விளையும் நெல் காலபோக அறுவடைக்குப் பிறகு ட்ரக்டரிலும் லொறியிலும் இங்கே வந்து இறங்கும். வாசலில் வண்டியோடு சேர்த்து நிறுக்கும் பெரிய தராசு, அதற்குப் பக்கத்தில் தகரம் போட்ட சின்னக் கொட்டில். கந்தோர் ஆலைக் கட்டடத்தின் மறுகோடியில். இரண்டுக்கும் இடையில் கேபிள் ஓடும் வழியை அளந்தால் ஏறக்குறைய 70 மீற்றர் வரும்.

கணக்கு மென்பொருள் கந்தோரிலுள்ள விண்டோஸ் கொம்பியூட்டரில் ஓடுகிறது. கொட்டிலில் மூன்று யுஎஸ்பி சாமான்கள்: தராசின் இன்டிகேட்டரிலிருந்து வரும் சீரியல்-யுஎஸ்பி வயர், நிறைத் துண்டு அடிக்கும் டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர், வேலையாட்களின் வரவு பதியும் கைரேகைக் கருவி. இந்த மூன்றையும் கந்தோர் வரைக்கும் கொண்டுவரத்தான் எக்ஸ்டென்டர், அதாவது யுஎஸ்பி இணைப்பைத் தூரத்துக்கு நீட்டும் பெட்டி. கொட்டிலிலேயே ஒரு கொம்பியூட்டரை வைக்கலாமே என்று கேட்கலாம். வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உமித் தூசும் தகரச் சூடும் அதை ஒரு போகம் முழுக்க ஓட விடவில்லை.

முறைப்பாடு

தொலைபேசியில் முதலாளி சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, உள்ளுக்கை மோட்டர் போட்டா வெளியிலை தராசு செத்துப்போகுது. யுபிஎஸ்ஸும் ரெண்டு பக்கமும் வாங்கி வச்சாச்சு. உந்தப் பெட்டியைத் தூக்கி எறிஞ்சுபோட்டு வேறை வாங்குவமோ?"

நேரில் போனபோதுதான் விவரம் கிடைத்தது. கணக்கு எழுதும் பிள்ளை ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தார். எத்தனை மணிக்கு விட்டுப்போனது, அப்போது உள்ளே எது ஓடியது, இணைப்புத் தானாகத் திரும்பியதா அல்லது வயரைக் கழற்றிப் போட வேண்டி வந்ததா என்று மூன்று நிரல். இப்படி ஒரு கொப்பி கையில் கிடைப்பது கொடுப்பினை. பல இடங்களில் "அடிக்கடி போகுது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராது.

கொப்பியைப் புரட்டியபோது இரண்டு விதமான விழுகை தெரிந்தது. ஒன்று பகலில் நடப்பது. நெல் துப்புரவாக்கும் மெசினோ காயவைக்கும் மெசினோ தொடங்கும் வேளையில் மூன்று சாமானும் ஒன்றாகப் போய், கொஞ்ச நேரத்தில் ஒன்றாகவே திரும்பி வரும். மற்றது காலையில், அன்றைய முதல் வண்டிக்கு. பிரின்டர் வேலை செய்யும், கைரேகை வேலை செய்யும், தராசின் நிறை மட்டும் திரையில் ஏறாது. அந்த நேரத்தில் உள்ளே எந்த மோட்டரும் ஓடுவதில்லை.

ஆலையில் எல்லோரும் இந்த இரண்டையும் ஒரே நோயாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் மோட்டரைக் குற்றம் சொன்னால் காலைக் கதை பொருந்தவில்லை; பெட்டியைக் குற்றம் சொன்னால் மோட்டர்க் கதை பொருந்தவில்லை. இடையில் நட்டம் வேறு. துண்டு அடித்துக்கொண்டிருக்கும்போது இணைப்பு விழுந்தால் பாதித் துண்டுதான் கைக்கு வரும். மறுபடி அடித்தால் ஒரே வண்டி கணக்கில் இரண்டு தரம் ஏறிவிடும். வெளியே நெல் மூடையோடு வரிசையில் நிற்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்திக்கொண்டிருக்க முடியுமா?

இதற்கு முன் இருந்த பெட்டி

இப்போதிருப்பது இரண்டாவது எக்ஸ்டென்டர். முதலாவது "கெட்6 கேபிளில் 100 மீற்றர் போகும்" என்று பெட்டியில் எழுதியிருந்த ஒரு சோடி. அதைப் பொருத்தியவர் ஒரு முனையைக் கந்தோர் சுவிட்சிலும் மற்ற முனையைக் கொட்டிலிலும் குத்தியிருக்கிறார். ஒரு நாளும் வேலை செய்யவில்லை. பழுதென்று ஒதுக்கிவிட்டார்கள். அந்தச் சோடி இன்னும் அலுமாரியில் கிடக்கிறது, அதில் ஒரு பிழையும் இல்லை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நெட்வேர்க் கேபிள் குத்தும் ஆர்ஜே45 ஓட்டை இருப்பதாலேயே ஒரு பெட்டி நெட்வேர்க் பெட்டி ஆகிவிடாது. எக்ஸ்டென்டரில் இரண்டு சாதி உண்டு. ஒன்று நேருக்கு நேர் வகை. கெட்5இ, கெட்6 என்ற நெட்வேர்க் கேபிளை வெறும் செப்புக் கம்பியாக மட்டும் பாவித்து, தன் சொந்த சிக்னலை அதில் அனுப்பும். அது ஈதர்நெட் அல்ல. நடுவில் சுவிட்சோ ரவுட்டரோ வரவே கூடாது. ஒரே கேபிள், இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு. மற்றது நெட்வேர்க் வகை, இப்போது ஆலையில் இருப்பது இதுதான். கொட்டில் பக்கப் பெட்டிக்கு ஓர் ஐபி முகவரி இருக்கும். கொம்பியூட்டரில் ஒரு டிரைவர் போட வேண்டும். அந்த டிரைவர் விண்டோஸுக்கு ஒரு பொய் யுஎஸ்பி போர்ட்டைக் காட்டி, வரும் கேள்விகளைப் பொதி கட்டி, தவறியதைத் திரும்ப அனுப்பும் டிசிபி என்ற நெட்வேர்க் முறை வழியாக அனுப்பும். இது சுவிட்சுக்குள்ளால் தாராளமாகப் போகும்.

இந்த வித்தியாசம் ஏன் வந்தது என்பதற்கு யுஎஸ்பியின் பொறுமையின்மையைப் பார்க்க வேண்டும். யுஎஸ்பி 2.0வில் 480 மெகாபிட் வேகத்தில் ஓடும் சாமான் ஒன்றிடம் கொம்பியூட்டர் ஒரு கேள்வி கேட்டால், 816 பிட் நேரத்துக்குள், அதாவது 1.7 மைக்ரோ செக்கனுக்குள், பதில் தொடங்க வேண்டும். அது தாண்டினால் "ஆள் இல்லை" என்று முடிவெடுத்துவிடும். சாதாரண யுஎஸ்பி வயர் 5 மீற்றருக்கு மேல் போகாததற்கும் சிக்னல் கம்பியில் ஓடி வர எடுக்கும் நேரம்தான் முக்கிய காரணம். நல்ல தரமான வயர் வாங்கினாலும் அந்தக் கணக்கு மாறாது. சுவிட்சுக்குள் நுழைந்து வெளியே வருவதற்கே இதைவிடக் கூடிய நேரம் போய்விடும். ஆகவே நெட்வேர்க் வகைப் பெட்டிகள் கொம்பியூட்டருக்குள்ளேயே டிரைவரை உட்காரவைத்து உடனடிப் பதிலை அங்கேயே சொல்லிவிடுகின்றன. உண்மைப் பதில் பின்னால் வந்து சேரும்.

முதலாளியின் மருமகன் அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிறார். ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டர் ஒன்றில், யுஎஸ்பியை நெட்வேர்க்கில் அனுப்பும் லினக்ஸின் யுஎஸ்பி-ஐபியைப் போட்டால் இந்தப் பெட்டியே தேவையில்லை என்றார். சரியான பேச்சுத்தான். அந்த வசதி லினக்ஸ் கேர்னலோடு வருகிறது, 3240 என்ற போர்ட்டில் பேசும், காசும் மிச்சம். ஆனால் அதுவும் இதே கேபிளில்தான் ஓட வேண்டும். கேபிள் கெட்டிருந்தால் எந்தப் பெட்டியும் கெட்டதாகத்தான் தெரியும்.

சந்தேகத்திலிருந்து விலக்கியவை

இலகுவானவற்றை முதலில் முடித்தேன். ஐபி முகவரி மோதலா என்று பார்க்கக் கொட்டில் பெட்டியின் கேபிளைக் கழற்றிவிட்டு அதன் முகவரிக்குப் பிங் அடித்தேன், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொதியை அனுப்பினேன். கழற்றிய பிறகும் பதில் வந்தால் வேறு யாரோ அந்த முகவரியில் குந்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பதில் வரவில்லை. ஆனாலும் பெட்டியின் முகவரியை ரவுட்டர் கைபேசிகளுக்குப் பங்கிடும் வரிசைக்கு வெளியே மாற்றிவிட்டேன். இன்றைக்கு மோதவில்லை என்றால் நாளைக்கும் மோதாது என்றில்லை.

கொட்டில் பக்கத்து மின்சாரத்தைப் பார்த்தேன். பெட்டியின் அடப்டர் யுபிஎஸ்ஸில் இருந்தது. பிரின்டருக்கும் இன்டிகேட்டருக்கும் தனித்தனி மின்சாரம். பெட்டியிலிருந்து மின் எடுப்பது கைரேகைக் கருவியும் சீரியல் வயரும் மட்டுமே. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு யுஎஸ்பி 2.0 போர்ட் தரும் 500 மில்லி அம்பியருக்குக் கிட்டவும் வராது. யுஎஸ்பி மீற்றரைக் குத்தி வைத்துவிட்டு உள்ளே மோட்டரைப் போடச் சொன்னேன். ஊசியளவும் அசையவில்லை. அப்படியானால் யுபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது, கோளாறு மின்சாரத்தின் வழியாக வரவில்லை. ஆனால் மீற்றர் அசையாத அதே நேரத்தில் மூன்று சாமானும் திரையிலிருந்து போய்விட்டன.

ஆலை மின்வேலை பார்க்கும் அண்ணைக்கு இது பிடிக்கவில்லை. "வோல்டேஜ் இறங்காம எப்பிடித் தம்பி போகும்?" என்றார். நியாயமான கேள்வி. இந்த ஆய்வின் மையமே அந்தக் கேள்விதான்.

இரண்டாவது டக்

கொட்டில் பெட்டிக்குச் சாதாரணப் பிங் அடித்தால் எல்லாம் சுத்தம். ஒரு மில்லி செக்கனுக்குள் பதில், ஒன்றும் தவறவில்லை. முன்பு பார்க்க வந்தவர்களும் இதைப் பார்த்துத்தான் "நெட்வேர்க் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். விண்டோஸின் சாதாரணப் பிங் 32 பைட் மட்டும்தான் சுமந்து போகும். அந்த அளவை 1472க்கு ஏற்றினேன். உடைபடாமல் ஒரே பொதியில் போகக்கூடிய உச்ச அளவு அதுதான். கம்பியில் ஓடும் நீளம் கிட்டத்தட்ட 20 மடங்கு ஆகும். பிட்டுக்குப் பிட் பிழை வரும் கேபிளில் நீண்ட பொதிக்குத்தான் அடி விழும். அப்படியே நடந்தது. மோட்டர் எதுவும் ஓடாதபோதே இடைக்கிடை ஒன்று தவறியது.

பிறகு மோட்டரைப் போடச் சொன்னேன். ஆலையின் பெரிய மோட்டர்களுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். பொத்தானை அமத்தினால் முதலில் ஒரு டக், மோட்டர் மெதுவாகச் சுழலத் தொடங்கும். சில செக்கன் கழித்து இரண்டாவது டக், முழு வேகம். பிங் ஓடும் திரையில் கண்ணும் ஸ்டார்ட்டர்ப் பக்கம் காதுமாக நின்றால் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. முதல் டக்கில் ஒன்றிரண்டு தவறும். இரண்டாவது டக்கில் வரிசையாக விழும், கூடவே யுஎஸ்பி துண்டிக்கப்படும் அந்த இறங்கு சத்தம் கொம்பியூட்டரில் கேட்கும். ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் கணத்தில்தான் மோட்டர் கேபிளில் மிகக் கடுமையான மின்னோட்டத் துடிப்பு ஓடும். அது காற்றின் வழியாகப் பக்கத்துக் கம்பியில் ஏறுகிறது. யுபிஎஸ் வைத்துத் தடுக்கக்கூடிய சாமான் அல்ல அது.

டிசிபி தவறியதைத் திரும்ப அனுப்பத்தானே வேண்டும், பிறகேன் இணைப்பு விழுகிறது? அனுப்பும், ஆனால் காத்திருந்து அனுப்பும். தொடர்ந்து தவறினால் அந்தக் காத்திருப்பு ஒவ்வொரு தரமும் இரட்டிக்கும். எக்ஸ்டென்டரின் டிரைவரோ கொட்டில் பெட்டியிடமிருந்து கொஞ்ச நேரம் மூச்சுப் பேச்சு இல்லையென்றால், சாமானைப் பிடுங்கிவிட்டதாக விண்டோஸுக்குச் சொல்லிவிடும். ஒரு வலைப்பக்கம் இப்படித் தடங்கினால் நமக்குத் தெரியவே தெரியாது. யுஎஸ்பி தடங்கினால் பிரின்டர் பாதியில் நிற்கும்.

எட்டு விளக்கும் எரிந்த கேபிள்

அடுத்தது பாதி பாதியாகப் பிரிப்பது. கொட்டில் பெட்டியைக் கழற்றிக் கந்தோருக்குக் கொண்டுவந்து, பிரின்டரையும் கைரேகையையும் அதில் கொளுவி, ஒரு மீற்றர் வயரில் அதே சுவிட்சில் குத்தினேன். மோட்டர் எத்தனை தரம் போட்டாலும் ஒன்றும் விழவில்லை. பெட்டியும் சுவிட்சும் டிரைவரும் குற்றமற்றவை. மிச்சம் இருப்பது கேபிள்.

அந்தக் கேபிள் உள்ளே எப்படிப் போகிறது என்று பார்க்க ஏணி வைத்து ஏறினேன். கொட்டகையின் பனை வளையோடு, துப்புரவு மெசினுக்குப் போகும் மூன்று பேஸ் கேபிளும் நெட்வேர்க் கேபிளும் ஒன்றோடொன்று அணைத்து, அரை மீற்றருக்கு ஒரு கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தது. பார்வைக்கு நல்ல வடிவான வேலை. மின்வேலை அண்ணை கீழே நின்று, "இது நான் கட்டினது" என்று பெருமையோடு சொன்னார். நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கினேன்.

பக்கத்துப் பக்கமாக ஓடுவது பிழைதான். ஆனால் அதை மட்டும் வைத்து இந்த அளவு பாதிப்பை என்னால் நம்ப முடியவில்லை. நல்ல கெட்6 இதைக் கொஞ்சமாவது தாங்கும். சரி, சோதித்தால் தெரிந்துவிடுகிறது. என்னிடமிருந்த கேபிள் பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை இழுத்து, இரண்டு முனையும் அடித்து, வேண்டுமென்றே அதே மூன்று பேஸ் கேபிளோடு சேர்த்தே போட்டேன். பெரிய பிங் ஓடியது, மோட்டர் போட்டார்கள், இரண்டாவது டக் கேட்டது. ஒன்றும் விழவில்லை. பிறகு பழைய கேபிளின் டைகளை வெட்டி, எட்டக்கூடிய மட்டும் தள்ளி இழுத்துப் பார்த்தேன். குறைந்தது, நிற்கவில்லை. ஆக, பாதை இரண்டாம் குற்றவாளி. முதற் குற்றவாளி கேபிளுக்குள்ளேயே இருந்தது.

மலிவான கெட்6 என்று சிலவேளை செப்பு பூசிய அலுமினியத்தை விற்பார்கள். ஒரு கம்பியின் நுனியைப் பிளேட்டால் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாகத் தெரியவில்லை, அடி வரை செப்புத்தான். எட்டு விளக்கு எரியும் சாதாரணக் கேபிள் டெஸ்டரைப் போட்டேன். ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசை தவறாமல் எரிந்தது. இதையும் முன்பு பார்த்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், "கேபிள் ஓகே" என்று கொப்பியிலும் எழுதியிருந்தது.

பிறகு கொட்டில் பக்கத்துக் கொனெக்டரைக் கைபேசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி போன்ற அந்தச் சின்னப் பிளாஸ்டிக்குக்குள் எட்டு நிறமும் அடுக்காகத் தெரிந்தன: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-கபிலம், கபிலம். சோடி சோடியாக, பார்க்க எவ்வளவு ஒழுங்கு! கந்தோர் முனையும் அப்படியே. அடித்தவர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சரி என்று நினைத்திருக்கிறார்.

ஒரே மாதிரி இருப்பது போதாது. கம்பிகளின் நிற வரிசைக்கான 568பி முறையில் நான்காவது இடத்தில் நீலமும் ஐந்தாவதில் வெள்ளை-நீலமும் ஆறாவதில் பச்சையும் வர வேண்டும். காரணம், 100 மெகாபிட் ஈதர்நெட் 1-2 என்ற ஊசிகளை ஒரு சோடியாகவும் 3-6 என்ற ஊசிகளை இன்னொரு சோடியாகவும் பாவிக்கிறது. 3-6 இரண்டும் கேபிளுக்குள் ஒன்றோடொன்று முறுக்கிய பச்சைச் சோடியாக இருக்க வேண்டும். இந்தக் கேபிளில் 3இல் வெள்ளை-பச்சையும் 6இல் நீலமும் இருந்தன. இரண்டும் வேறு வேறு முறுக்கில் ஓடும் கம்பிகள், ஒன்றுக்கொன்று சொந்தமில்லாதவை.

முறுக்கின் வேலை என்ன என்று பார்த்தால் இது விளங்கும். வெளியிலிருந்து இரைச்சல் வந்தால் முறுக்கிய இரண்டு கம்பியிலும் அது சம அளவில் ஏறும். வாங்கும் பக்கம் இரண்டு கம்பிக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும்; சமமாக ஏறியது கழிந்து போகும். சிக்னலின் ஒரு கம்பி பச்சை முறுக்கிலும் மற்றது நீல முறுக்கிலும் இருந்தால் இரைச்சல் சமமாக ஏறாது, கழிந்தும் போகாது. அதோடு 1-2 சோடியில் ஓடுவதும் இதற்குள் கசியும். மோட்டர் ஓடாத நேரத்திலும் பெரிய பிங் இடைக்கிடை தவறியது இதனால்தான். கேபிள் எப்போதும் விளிம்பில் நின்றது. இரண்டாவது டக் வந்து தள்ளிவிட்டது.

விளக்கு டெஸ்டருக்கு இது தெரியாது. அந்த முனையின் 3 இந்த முனையின் 3க்கு வருகிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதால் பார்க்க முடியாது. கண்ணால் நிறத்தைப் பார்ப்பது அந்த டெஸ்டரைவிடப் பெறுமதி.

இன்னொன்றும் பார்த்தேன். என் பையில் ஒரு சின்ன மனேஜ்ட் சுவிட்ச் இருக்கும்; ஒவ்வொரு போர்ட்டிலும் கெட்டுப்போன பொதிகள் எத்தனை வந்தன என்று அது எண்ணிக் காட்டும். ஆலையின் சுவிட்ச் அப்படி ஒன்றும் காட்டாத பழைய 100 மெகாபிட் சுவிட்ச். என்னுடையதைக் கந்தோர் முனையில் போட்டபோது எண்ணிக்கை ஏறவேயில்லை. கொட்டில் முனையில் போட்டபோது மளமளவென்று ஏறியது. 100 மெகாபிட்டில் ஒவ்வொரு சோடியும் ஒருவழிப் பாதை. பிழையை எண்ணுவது எப்போதும் வாங்கும் முனைதான். கெட்ட சோடி கொட்டிலை நோக்கிப் போகும் சோடி. ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டு "எரர் இல்லை" என்று எழும்பியிருந்தால் கோளாறு தப்பியிருக்கும்.

இரண்டு முனையும் கிகாபிட்டாக இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு இழுபட்டிருக்காது. கிகாபிட்டுக்கு நான்கு சோடியும் வேண்டும். இப்படிப் பிரிந்த கேபிளில் பெரும்பாலும் லிங்க் எழும்பாது, அல்லது 100க்கு இறங்கும். பொருத்திய நாளிலேயே பிடிபட்டிருக்கும்.

திருத்தம்

கேபிளுக்குள் சோடிகள் நல்லபடி இருந்ததால் புதுக் கேபிள் தேவைப்படவில்லை. இரண்டு முனையையும் வெட்டி 568பி வரிசையில் மறுபடி அடித்தோம். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல், வெளித்தோல் கொனெக்டருக்குள் போய்ப் பிடிபடும்படி. மின்வேலை அண்ணை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, இரண்டாவது முனையைத் தானே அடித்தார். நல்ல கை அவருக்கு. பிறகு அவரே கேபிளை மற்றப் பக்கச் சுவரால் கொண்டுபோனார். மின் கேபிளைக் கடக்க வேண்டிய ஓரிடத்தில் மட்டும் குறுக்காக, செங்கோணமாக.

என் சுவிட்சைக் கொட்டில் முனையில் ஒரு முழு வேலைநாள் விட்டுவைத்தேன். மோட்டர்கள் வழமைபோல் ஓடின. மாலையில் பார்த்தபோது கெட்ட பொதி எண்ணிக்கை பூச்சியத்தில் நின்றது. கொப்பியில் அதற்குப் பிறகு பகல் விழுகை ஒன்றும் ஏறவில்லை.

யுபிஎஸ் வீணா என்று முதலாளி கேட்டார். வீணில்லை. இங்கே கரண்ட் நின்று வரும்போது கொட்டில் பெட்டி விழாமல் இருக்க அது வேண்டும்தான். இந்த நோய்க்கு அது மருந்தில்லை, அவ்வளவுதான்.

காலைக் கோளாறு

அது முழுக்க வேறு கதை. கொம்பியூட்டர் இரவில் தூங்குநிலைக்குப் போய்க் காலையில் எழும்பும். எழும்பும்போது எக்ஸ்டென்டர் டிரைவர் மூன்று சாமானையும் புதிதாகக் கொளுவும், ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் அல்ல. பிரின்டருக்கும் கைரேகைக்கும் அது பொருட்டில்லை. தராசு வயர் அப்படியல்ல. அதிலுள்ள சீரியல் சிப்புக்குத் தனக்கென்று ஒரு தொடர் இலக்கம் இல்லை. அப்படிப்பட்ட சாமானை விண்டோஸ் எந்தப் போர்ட்டில் குத்தியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அடையாளம் காணும். போர்ட் மாறினால் புது ஆள் என்று நினைத்து, சீரியல் இணைப்புகளுக்குத் தான் வைக்கும் கொம் இலக்கத்தைப் புதிதாகக் கொடுத்துவிடும். நேற்று கொம் 3, இன்றைக்கு கொம் 7. கணக்கு மென்பொருள் கொம் 3இல் காது வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். டிவைஸ் மனேஜரைத் திறந்து மறைந்திருக்கும் சாமான்களையும் காட்டச் சொன்னால், இதே வயர் பல இலக்கங்களில் சாம்பல் நிறத்தில் வரிசையாகக் கிடந்தது.

பழையவற்றை அழித்து, கொம் 3ஐ நிரந்தரமாகக் கொடுத்தேன். எக்ஸ்டென்டர் மென்பொருளில் ஒவ்வொரு சாமானையும் ஒரு போர்ட்டில் கட்டிப்போடும் வசதி இருந்தது, அதையும் போட்டேன். கொம்பியூட்டர் தூங்குவதை நிறுத்தி, மின்சேமிப்புக்காக யுஎஸ்பியை இடைநிறுத்தும் தெரிவையும் எடுத்துவிட்டேன். மடிக்கணினியின் பற்றரியைக் காப்பாற்ற வந்த வசதி அது. தராசுக் கொட்டிலில் அதற்கு வேலையில்லை.

அந்த வயரை எப்போதாவது மாற்ற வேண்டி வந்தால் தொடர் இலக்கம் உள்ள சிப்போடு வாங்கச் சொல்லியிருக்கிறேன், அதிலும் போலி இல்லாததாக. 2014இல் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் விண்டோஸ் அப்டேட்டோடு வந்து, போலிச் சிப்புகளின் அடையாள இலக்கத்தைப் பூச்சியமாக்கி ஒரேயடியாக முடக்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு நாள் எக்ஸ்டென்டரைக் கழற்றிப் பார்த்து என்ன பயன்?

இன்னும் செய்ய இருப்பவை

தராசுக்கு யுஎஸ்பியே தேவையில்லை என்பது என் கருத்து. இன்டிகேட்டரில் இருப்பது சீரியல் போர்ட். அதை யுஎஸ்பி ஆக்கி, யுஎஸ்பியை நெட்வேர்க் ஆக்கி, மறுபடி கொம்பியூட்டரில் சீரியலாக்குவது சுற்றிவளைத்த வேலை. சீரியலை நேரே நெட்வேர்க் ஆக்கும் சின்னப் பெட்டி கிடைக்கும். அல்லது நெடுந்தூரம் போகும் சீரியல் முறையான ஆர்எஸ்-485 ஆக மாற்றினால், தராசு பேசும் இந்த வேகத்துக்கு 1200 மீற்றர் வரை கம்பியிலேயே போகும். சிறுபோகத்துக்கு முன் இதை மாற்றுவதாகப் பேச்சு.

இடி இன்னொரு கவலை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் வன்னியில் விழும் மின்னலுக்கு, இரண்டு கட்டடங்களுக்கு இடையே வெளியில் ஓடும் செப்புக் கேபிள் நல்ல இரை. ஈதர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன ட்ரான்ஸ்போமர் 1500 வோல்ட் வரை பிரித்து நிற்கும் என்பார்கள். பக்கத்தில் விழும் இடிக்கு அது ஒரு பொருட்டல்ல. ஒளியில் ஓடும் பைபர் கேபிளும், இரண்டு முனையிலும் ஒளியை மின் சிக்னலாக்கும் மீடியா கன்வேர்ட்டரும் போட்டால் மோட்டர் இரைச்சலும் இல்லை, இடியும் கம்பி வழியாக வராது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம். முதலாளி தலையாட்டியிருக்கிறார், நெல்லுக் காசு வந்த பிறகுதான் தெரியும்.

அவருக்கு வேறொரு ஆசையும் இருந்தது. வண்டி தராசில் ஏறும்போது இலக்கத்தகடு தெரியப் படமெடுக்க ஒரு வெப்கமராவையும் இதே எக்ஸ்டென்டரில் குத்த முடியுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். 640க்கு 480 அளவில், செக்கனுக்கு 30 படம், சுருக்காமல் அனுப்பினால் அதுவே 147 மெகாபிட். கொட்டில் பெட்டியின் போர்ட் மொத்தமே 100. சுருக்கி அனுப்பும் வெப்கமராவாக இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை யுஎஸ்பியின் நேரந்தவறா முறையில் பேசுபவை. அந்த முறையில் தவறிய துண்டைத் திரும்பக் கேட்க வழியில்லை. படம் விக்கும், பிரின்டரையும் சேர்த்து விக்கவைக்கும். அதற்குப் பதிலாக ஓர் ஐபி கமராவை வாங்கி, கொட்டிலில் ஒரு சின்னச் சுவிட்ச் வைத்துப் பக்கத்துப் போர்ட்டில் குத்தினோம். தானே சுருக்கி, சில மெகாபிட்டில் கந்தோருக்கு அனுப்பிவிடும். அதற்கு மின் கொடுக்கும் இன்ஜெக்டர் எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே 24 வோல்ட்டைத் தள்ளும் வகை. அதனால் அந்த வயருக்குச் சிவப்பு டேப் சுற்றி, எக்ஸ்டென்டர் இருக்கும் தட்டுக்கு எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறது.